ஆம்ப் ஆன் செய்தால் ‘டொம்’ என்கிறதே, ஸ்பீக்கர் போய்விடுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே. இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். “அண்ணா, என் கீபோர்டு ஆம்பை ஆன் செய்தால் ‘டொம்’ என்று பெரிய சத்தம் வருகிறது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளி வருவது கண்ணுக்கே தெரிகிறது. ஆஃப் செய்யும்போது ‘டப்’ என்று இன்னொரு சத்தம். ஸ்பீக்கர் போய்விடுமா? சர்வீஸ் கடையில் சுவிட்சை மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது.”

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், தம்பி இரண்டு சத்தத்தையும் பிரித்துக் கேட்டிருக்கிறார். கூம்பையும் கவனித்திருக்கிறார். பலர் ‘சத்தம் வருது சார்’ என்று மட்டும் எழுதுவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டொம் என்பது தாழ்ந்த, கனமான சத்தம், கூம்பு நகர்ந்தால் வருவது. டப் என்பது கூர்மையான, சின்ன சத்தம், பெரும்பாலும் சுவிட்சில் பொறி பறப்பதால் வருவது. சுவிட்சை மாற்றினால் டொம் போகாது. அது வேறு இடத்தில் பிறக்கிறது.

நம் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். வால்யூமை முழுக்கக் குறைத்து வைத்துக் கேளுங்கள்! ஹம், அதாவது ‘ம்ம்’ என்ற தொடர் இரைச்சல் பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன். மாஸ்டர் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். சத்தம் குறைந்தாலோ காணாமல் போனாலோ, அது வால்யூமுக்கு முன்னால் இருப்பதிலிருந்து வருகிறது. சின்ன சிக்னலை முதலில் உயர்த்தும் பிரீஆம்ப்பாக இருக்கலாம், பெடலாக இருக்கலாம், கீபோர்டாகவே இருக்கலாம். சத்தம் கொஞ்சமும் மாறவில்லை என்றால் பவர் ஆம்ப், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதியின் பக்கம் போக வேண்டும். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் ஆம்பை இரண்டாகப் பிரித்துப் பார்த்துவிட்டோம்.

முன்பக்கத்திலிருந்து வந்தால் பல நேரம் ரிப்பேரே தேவையில்லை, ஆன் செய்யும் வரிசைதான் தப்பு. கீபோர்டு, பெடல், மிக்சர் எல்லாம் முதலில் ஆன். அவை நிலைக்கு வந்த பிறகு கடைசியாக ஆம்ப். ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதலில். மேடையில் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகி, அந்த ஒரே சுவிட்சைத் தட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் முன்னால் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் போடும் சத்தத்தை ஆம்ப் பெரிதாக்கித்தான் தரும். மிக்சரில் மைக்குக்குக் கேபிள் வழியாகவே கொடுக்கும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் போடும்போதும் இதே கதை. அந்தச் சேனலை மியூட் செய்துவிட்டுத்தான் போட வேண்டும்.

தம்பியின் ஆம்பில் கூம்பே தள்ளி வருவதால் பவர் ஆம்ப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். விலை குறைந்த பழைய ஆம்ப்களில், டிடிஏ2030 போன்ற ஐசி வைத்த சின்ன போர்டுகளில், ஒரே சப்ளைதான் இருக்கும், பிளஸ் மட்டும், மைனஸ் கிடையாது. 24 வோல்ட் சப்ளை என்றால் அவுட்புட் நடுவில், அதாவது 12 வோல்ட்டில் நிற்கும். அந்த 12 வோல்ட் ஸ்பீக்கருக்குப் போகக் கூடாது என்பதற்காக இடையில் சார்ஜைச் சேர்த்து வைக்கும் ஒரு பெரிய கண்டன்சர், பெரும்பாலும் 1000 அல்லது 2200 மைக்ரோஃபாரட், வைத்திருப்பார்கள். ஆன் செய்த நொடியில் அது காலியாக இருக்கிறது. 12 வோல்ட் வரை அது சார்ஜ் ஆக வேண்டும், அந்தக் கரண்ட் கூம்போடு ஒட்டிய கம்பிச் சுருளான ஸ்பீக்கர் காயில் வழியாகத்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. கரண்ட் போகும்போது கூம்பு ஒரு தள்ளு தள்ளப்படுகிறது. அதுதான் டொம். மோட்டார் போட்டதும் குழாயில் முதலில் காற்று சீறிவிட்டுப் பிறகு தண்ணீர் சீராக வருகிறதே, அந்த மாதிரி ஒரு தொடக்கத் தடுமாற்றம்.

இதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. ராத்திரி முழுக்க ஆஃபில் இருந்த ஆம்பைக் காலையில் ஆன் செய்யுங்கள். டொம் பெரிதாக வரும். ஆஃப் செய்து உடனே மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது சின்னதாக வந்தால், கண்டன்சரில் சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘பாஸ் நன்றாக வரும்’ என்று சொல்லி அந்த 2200-ஐ எடுத்துவிட்டு 4700, 10000 என்று போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கரோடு 2200 மைக்ரோஃபாரட் ஏறக்குறைய 9 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். 1000 போட்டாலே 20 ஹெர்ட்ஸ். நான்கு கம்பி பாஸ் கிடாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். 88 கட்டை கீபோர்டின் இடது ஓரக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வாசிக்க நம்மிடம் என்ன இருக்கிறது? கண்டன்சர் பெரிதாகப் பெரிதாக சார்ஜ் ஆகும் நேரம் கூடும், தள்ளு கனமாகும். பாஸ் கூடாது, டொம்தான் கூடும்.

சரி, பிளஸ் மைனஸ் இரண்டு சப்ளை உள்ள ஆம்ப்பில் இந்தக் கண்டன்சர் கிடையாது, அவுட்புட் நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. அப்படியானால் சத்தம் வரக் கூடாது அல்லவா? ஆனாலும் வரும். இரண்டு சப்ளையும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. உள்ளே இருக்கும் சின்னக் கண்டன்சர்களும் ஒன்றுபோல நிரம்புவதில்லை. எல்லாம் நிலைக்கு வரும்வரை அவுட்புட் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

இங்கேதான் தம்பியிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். சத்தம் ஏன் வருகிறது என்று கேட்டீர்கள். நல்ல ஆம்ப்பில் சத்தம் ஏன் வரவில்லை என்று கேளுங்கள், இன்னும் நிறையப் புரியும். நல்ல ஆம்பை ஆன் செய்தால் இரண்டு மூன்று விநாடி எதுவுமே கேட்காது. அப்புறம் பெட்டிக்குள் ‘டிக்’ என்று மெல்லிய சத்தம், அதன் பிறகுதான் இசை. அந்த டிக் ஒரு ரிலே, அதாவது கரண்ட்டால் தானாக இயங்கும் சுவிட்ச். உள்ளே தடுமாற்றம் எல்லா ஆம்ப்பிலும் நடக்கிறது. இந்த ரிலே அது அடங்கும்வரை ஸ்பீக்கரை இணைக்காமல் வைத்திருக்கிறது. பல ஆம்ப்களில் இதற்கென்றே யுபிசி1237 என்ற ஐசி இருக்கும். டிடிஏ7294 போன்ற ஐசிகளில் ஒலியை நிறுத்தி வைக்க மியூட், ஸ்டான்ட்பை என்று தனிக் கால்களே உண்டு. எல்எம்3886-இல் சப்ளை முழுதாக ஏறும்வரை அவுட்புட்டைத் திறக்காத ஏற்பாடு ஐசிக்குள்ளேயே இருக்கிறது.

அந்த ரிலேவுக்கு இதைவிட முக்கியமான வேலை ஒன்றும் உண்டு. அவுட்புட்டில் டிசி, அதாவது ஒரே திசையில் பாயும் கரண்ட் வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிப்பதும் அதுதான். ஒருமுறை ஒரு கிடார் ஆம்ப் என்னிடம் வந்தது. ‘போன வருஷம் வரை ஆன் செய்தால் சத்தமே வராது, ஒரு கடையில் சர்வீஸ் செய்ததிலிருந்து டொம் என்கிறது’ என்றார் அதை வைத்திருந்தவர். திறந்து பார்த்தால் ரிலேயின் இரண்டு காலையும் ஒரு வயரால் சேர்த்து ஈயம் வைத்திருக்கிறார்கள். ரிலேயின் தொடுமுனை கரி பிடித்து ஒலி விட்டுவிட்டு வந்திருக்கிறது. அதற்குக் குறுக்கு வழியாக ஷார்ட் செய்துவிட்டார்கள். ஒலி வந்துவிட்டது, காவல் போய்விட்டது. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால் சப்ளையின் 35 வோல்ட் அப்படியே காயிலுக்குப் போகும். 8 ஓம் ஸ்பீக்கரின் காயில் டிசிக்கு ஆறு ஓம் சொச்சம்தான். 200 வாட் வெறும் சூடு! கொஞ்ச நேரத்தில் காயில் கருகிவிடும். புது ரிலே என்ன பெரிய விலையா? இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஆகவே ‘ஸ்பீக்கர் போய்விடுமா’ என்ற கேள்விக்குப் பதில் இதுதான். கூம்பு ஒரு தள்ளு தள்ளி உடனே தன் இடத்துக்குத் திரும்பினால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். போன கூம்பு திரும்பாமல் நின்றால், அதோடு ஹம்மும் வந்தால், உடனே ஆஃப் செய்யுங்கள். அந்த நிலையில் அளந்து பார்க்கக்கூட வேண்டாம். திரும்புகிறது என்றால், ஸ்பீக்கர் இணைப்பில் இருக்கும்போதே, வால்யூம் பூஜ்யத்தில், மல்டிமீட்டரை டிசியில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளக்கலாம். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் சாதாரணம். ஒரு வோல்ட் காட்டினால் அந்த ஆம்ப்பில் வாசிக்காதீர்கள், சர்வீசுக்குக் கொடுங்கள்.

‘டப்’ மிச்சம் இருக்கிறது. ஆஃப் செய்யும்போது டிரான்ஸ்ஃபார்மர் கரண்டை விட மறுக்கும், சுவிட்சில் பொறி பறக்கும். சுவிட்சுக்குக் குறுக்கே ரெசிஸ்டரும் கண்டன்சரும் சேர்ந்த ஸ்னப்பர் போட்டால் குறையும். ஆனால் அந்தக் கண்டன்சர் எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி என்று அச்சடித்ததாக இருக்க வேண்டும். நம் 230 வோல்ட் லைனின் உச்சம் 325 வோல்ட். கையில் கிடைத்த சாதாரணக் கண்டன்சரை மெயின்ஸில் போடாதீர்கள். பக்கத்தில் ஃப்ரிட்ஜ் ஓடினாலும், ஃபேன் சுவிட்சைத் தட்டினாலும் ஆம்ப்பில் சத்தம் வந்தால் எர்த்தைச் சரிபாருங்கள். அதைத் தனியாகவே பேசியிருக்கிறேன்.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. ஸ்டான்ட்பை சுவிட்சைப் போடும்போது ஒரு சத்தம் வரும், அங்கே பல நூறு வோல்ட் திடீரென்று ஏறுகிறது, அதனால்தான். அதைச் சரிசெய்கிறேன் என்று பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அந்த வோல்ட்டேஜ் நிற்கும்.

தம்பி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள். காலையில் முதல் முறை எப்படி, உடனே மறுமுறை எப்படி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பின்பக்கத்தில் ஆம்பின் மாடல் எண் இருந்தால் ஒரு போட்டோ அனுப்புங்கள், ஒரே சப்ளையா இரண்டு சப்ளையா என்று பார்த்துச் சொல்கிறேன்.