ஒரு ஆளுக்கு ஐந்து தண்ணீர் கேன்

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். மழையையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதில் கிடைப்பது நிம்மதியா, தனிமையா? தனிமையே என்று பேச வந்திருக்கிறேன். 2020 மார்ச் 24 ராத்திரி, 21 நாள் ஊரடங்கு என்றார்கள். எல்லாருக்கும் அது ஒருநாள் முடிந்தது. எனக்கு முடியவில்லை. எங்கள் நிறுவனம் ஓ.எம்.ஆரில் இருந்த அலுவலகத்தையே காலி செய்துவிட்டது. மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி, ஒற்றை அறை, ஒரு ஃபேன், நான்.

நாள் முழுக்க மீட்டிங்கில் பேசுகிறாயே என்பீர்கள். பேசுகிறேன். "நான் பேசுறது கேக்குதா?" "ஸ்கிரீன் தெரியுதா?" "நீங்க மியூட்ல இருக்கீங்க." இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை வருஷம் ஓட்டுவது?

ஒரு தண்ணீர் கேன் இருபது லிட்டர். ஒரு ஆளுக்கு ஒரு வாரம் தாராளம். ஒரு திங்கட்கிழமை கேன் சொன்னேன். கேன் போடும் அண்ணன் மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "என்ன சார், வெயில் இப்படி அடிக்குது?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி அன்று முழுக்க எனக்கு இனித்தது. புதன்கிழமை இன்னொரு கேன் சொன்னேன். முதல் கேன் மூடியே திறக்கவில்லை! வெள்ளிக்கிழமை இன்னொன்று. அடுத்த வாரம் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். ஐந்து கேன், வரிசையாக, சீல் உடைக்காமல்.

"சார், வீட்ல விசேஷமா?"

"இல்லண்ணே."

"சமையல் காண்ட்ராக்ட் ஏதும் எடுத்திருக்கீங்களா?"

"இல்லண்ணே."

என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சுகர் இருக்கா சார்? தாகம் ரொம்ப எடுக்குதா?"

நடுவர் அவர்களே, பேச ஆள் இல்லாமல் கேன் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? "ஆமாண்ணே, தாகம்தான்" என்றேன். பொய்யும் இல்லை.

மறுநாள், நான் சொல்லாமலே, ரத்தப் பரிசோதனை நிலையத்தின் அட்டையோடு வந்தார். "வெறும் வயித்துல போங்க சார்." போனேன். ஏன் போனேன்? அங்கே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்! ரத்தம் எடுத்துவிட்டு, "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி வாங்க" என்றார்கள். மறுபடியுமா! இன்னொரு பன்னிரண்டு பேர்! சுகர் இல்லை என்று முடிவு வந்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. இருந்திருந்தால் மாதாமாதம் போகலாமே.

சிரிக்கிறீர்கள். இந்தத் தனிமைப் பிரச்சினைக்கென்றே பிரிட்டன் 2018இல் ஓர் அமைச்சரைப் போட்டது. 2021இல் ஜப்பானும் போட்டது. அவை அரசாங்கங்கள், அமைச்சர் போட முடியும். என்னால் கேன்தான் போட முடிந்தது.

டிராஃபிக் இல்லை, பெட்ரோல் மிச்சம் என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னார். சரி, மிச்சம்தான். ஆனால் அவர்களுடைய தலைவரை நான் விடுவதாக இல்லை. "அரட்டைக்கு ஆள் இல்லையென்று அழுகிறார்கள். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் முகமே பார்க்காமல் நண்பர்களாக இருக்கவில்லையா? அதுதான் உலகின் முதல் வொர்க் ஃப்ரம் ஹோம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐயா, கதையைப் பாதியில் மியூட் செய்துவிட்டீர்களே! பிள்ளைகளோடு பகை வந்து, மனம் வெறுத்து, சோழன் உறையூரில் வடக்கிருந்தான், அதாவது உண்ணாமல் உயிர்விட உட்கார்ந்தான். சாகப் போகிற நேரத்தில் என்ன சொன்னான்? என் நண்பன் வருவான், அவனுக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். ஜூம் லிங்க் அனுப்புங்கள் என்றானா? பாண்டிய நாட்டிலிருந்து அவரும் வந்தார். அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

இன்னொன்று கேளுங்கள். வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று பிசிராந்தையாரைக் கேட்டபோது என்ன காரணம் சொன்னார்? நல்ல மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், சொன்னதைச் செய்யும் ஏவலர், தவறு செய்யாத அரசன், ஊர் நிறையச் சான்றோர். எண்ணிப் பாருங்கள், அத்தனையும் ஆள்! வைஃபை நன்றாக வருகிறது என்று ஒரு வார்த்தை உண்டா? இப்போது என் தலையைப் பாருங்கள். முப்பத்து நாலு வயது. விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள், கடைசி வரிசைக்கும் தெரியட்டும்.

தலைப்புக்கு எப்போது வருவாய் என்று நடுவர் பார்க்கிறார். வந்துவிட்டேன்.

போன வருஷம் எனக்குக் காய்ச்சல். லேப்டாப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்தால் ஆள் நன்றாக இருப்பதாகக் கணக்கு, ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தாறு நாள் ரொட்டியும் மாத்திரையுமாகக் கிடந்தேன். ஒரு மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அண்ணன். தோளில் கேன் இல்லை.

"நான் சொல்லலையேண்ணே."

"அதான் சார் வந்தேன். ஒம்பது நாளா நீங்க கூப்பிடவே இல்ல."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கீழே போய்க் கஞ்சி வாங்கி வந்தார். உட்கார இடம் தேடினார். அறையில் இருந்தது ஒரே நாற்காலி, அதில் லேப்டாப். ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார், நான் குடித்து முடிக்கிற வரைக்கும். சாகப் போகிற சோழன்கூட ஒருவனுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தான். என் அறையில் அது இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் இன்னொரு நாற்காலி வாங்கினேன். இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு கேன்தான்.

மணி அடித்துவிட்டீர்கள். அண்ணன் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் கிளம்புகிறேன், வணக்கம்.