மனுவோட போனவங்க, துப்பாக்கிச் சூட்டோட திரும்பினாங்க: ஜார் ஆட்சி பத்தி ஒரு கேள்வி

வணக்கம். ரஷ்யப் புரட்சி பத்திப் போன தடவை பேசினதைப் பார்த்துட்டு ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "ரஷ்ய ஜனங்க காலங்காலமா பஞ்சத்தையும் அடிமைத்தனத்தையும் பொறுத்துக்கிட்டவங்கதானே? ஜாரை, அதாவது அவங்க பேரரசரை, தகப்பன்னு கும்பிட்டவங்க. அப்புறம் எப்படி 1917ல பத்தே நாளுக்குள்ள அந்த ஆட்சி கவுந்துச்சு? பசிதான் காரணமா?"

நல்ல கேள்விம்மா. பசி ஒரு காரணம்தான். ஆனா பசி ரஷ்யாவுக்குப் புதுசு இல்லையே. 1891ல வோல்கா ஆத்துப் பக்கமெல்லாம் பயிர் கருகிப் போச்சு. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பசியிலயும் காலராவுலயும் லட்சக்கணக்குல செத்தாங்க. ஆட்சி அசையவே இல்ல. ஏன்னா கிராமத்துல ஒரு நம்பிக்கை இருந்துச்சு. ஜார் நல்லவர், சுத்தி இருக்கிற அதிகாரிங்கதான் கெட்டவங்க, நம்ம கஷ்டம் அவர் காதுக்குப் போனா சரி பண்ணிடுவார்னு. ஜாரை அவங்க "பாத்யூஷ்கா"ன்னுதான் சொல்வாங்க, அப்பான்னு பாசமா கூப்பிடுற மாதிரி. அந்த முடியாட்சி படையை நம்பி நின்னதைவிட இந்த நம்பிக்கையில நின்னதுதான் அதிகம்னு நான் நினைக்கிறேன். அது எப்படி உடைஞ்சதுன்னு சொல்றேன், கேளுங்க.

முதல்ல நிலம். 1861ல அப்ப ஜாரா இருந்த ரெண்டாம் அலெக்சாண்டர் பண்ணையடிமை முறையை ஒழிச்சார். பாடப்புத்தகத்துல ஒரு வரியில முடிஞ்சிடும் இது. ஆனா விடுதலை ஆன குடியானவனுக்கு நிலம் சும்மா கிடைக்கல. அரசாங்கம் பண்ணையாருக்குப் பணத்தைக் கொடுத்துடும், குடியானவன் அதை வருஷா வருஷம் தவணையா அரசாங்கத்துக்குக் கட்டணும். எத்தனை வருஷம் தெரியுமா? 49 வருஷம்! தாத்தா வாங்கின கடனைப் பேரன் கட்டணும். நல்ல மேய்ச்சல் நிலமும் காடும் பல இடத்துல பண்ணையார்கிட்டயே தங்கிடுச்சு. ஒரு வீட்டுக்காரன் தவணை கட்டலைன்னா ஊரே சேர்ந்து கட்டணும். அதனால பிழைக்க டவுனுக்குப் போறேன்னு ஒருத்தன் கிளம்பினா, ஊர்க்கூட்டம் அவ்வளவு சுலபமா விடாது. அடிமைன்ற பேர் போச்சு, கட்டு போகல.

அடுத்து, கடைசி ஜார் ரெண்டாம் நிக்கோலஸ். 1894ல பட்டத்துக்கு வர்றார். உள்ளூர் மன்றப் பிரதிநிதிங்க ரொம்பப் பணிவா, எங்க குரலையும் கொஞ்சம் கேளுங்கன்னு எழுதினாங்க. 1895 ஜனவரியில அவங்களை நிக்க வச்சு, அதெல்லாம் அர்த்தமில்லாத கனவுன்னு சொல்லிட்டார். அடுத்த வருஷம் மாஸ்கோவுல முடிசூட்டு விழா. கோதின்கா மைதானத்துல ஜனங்களுக்குப் பரிசு கொடுக்குறாங்க. ஒரு எனாமல் குவளை, கொஞ்சம் ரொட்டி, சாசேஜ், மிட்டாய். குவளையில ராஜா ராணி பேரோட முதல் எழுத்தும் 1896ன்னு வருஷமும் போட்டிருக்கும். அந்தக் குவளைக்காக ராத்திரியே லட்சக்கணக்குல கூடிட்டாங்க. பள்ளமும் குழியுமான மைதானம். நெரிசல்ல 1,300 பேருக்கு மேல செத்தாங்க. அன்னைக்கு ராத்திரி பிரெஞ்சுத் தூதர் கொடுத்த நடன விருந்துக்கு ஜார் போனார். அதை ஜனங்க மறக்கல.

இப்ப 1905. அப்பத் தலைநகரமா இருந்த பீட்டர்ஸ்பர்க்ல புத்திலோவ்னு ஒரு பெரிய தொழிற்சாலை. அங்க தொழிலாளர் சங்கத்துக்காரங்க நாலு பேர் வேலை போச்சுன்னு பிரச்சினை கிளம்புது. வேலைநிறுத்தம் நகரம் முழுக்கப் பரவி லட்சம் பேரைத் தாண்டிடுச்சு. கபோன்னு ஒரு பாதிரியார் தலைமையில, நேரா ஜார்கிட்டயே மனு கொடுப்போம்னு முடிவு பண்ணாங்க. எட்டு மணி நேர வேலை, குறைஞ்ச கூலியா ஒரு நாளைக்கு ஒரு ரூபிள், நிலத் தவணையை நிறுத்தணும், ஜப்பானோட நடக்குற சண்டையை முடிக்கணும், ஜனங்க தேர்ந்தெடுக்கிற ஒரு சபை வேணும். இதுதான் கேட்டது. மனு எப்படி ஆரம்பிக்குதுன்னு பாருங்க: நாங்க, எங்க பெண்டாட்டி பிள்ளைங்க, வயசான தாய் தகப்பன் எல்லாரும் நியாயமும் பாதுகாப்பும் தேடி உங்ககிட்ட வந்திருக்கோம்னு. முடியும்போது, நீங்க கேக்கலைன்னா உங்க அரண்மனை முன்னாலயே செத்துப் போறோம், எங்களுக்குப் போக வேற இடம் இல்லைன்னு இருக்கும். அந்த வரியை எப்ப படிச்சாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஜனவரி 9, ஞாயித்துக்கிழமை. அவங்க பழைய நாள்காட்டிப்படி சொல்றேன். கையில சாமி படம், ஜாரோட படம். குழந்தைகளைக் கூட்டிட்டுப் பனியில நடந்து வர்றாங்க, ஜாரைக் கடவுள் காப்பாத்தணும்னு பாடிக்கிட்டே. ஜார் ஊர்லயே இல்ல, ஜார்ஸ்கோயே செலோ அரண்மனையில இருந்தார். படை சுட்டுச்சு. அரசாங்கம் ஒத்துக்கிட்ட கணக்கே 130 பேர். அதைவிட அதிகம்னுதான் பலரும் சொல்றாங்க. இதைவிடக் கொடுமை பத்து நாள் கழிச்சு நடந்தது. அதிகாரிங்க பொறுக்கி எடுத்த 34 தொழிலாளிங்களைக் கூப்பிட்டு, உங்க குற்றத்தை நான் மன்னிக்கிறேன்னு ஜார் சொல்றார். செத்தது இவங்க ஆளுங்க, மன்னிக்கிறது அவர்! என்னைக் கேட்டா, புரட்சி மனசளவுல அன்னைக்கே ஆரம்பிச்சிடுச்சு.

அந்த வருஷம் பூரா கிளர்ச்சி நடந்து, அக்டோபர்ல வேற வழியில்லாம "டூமா"ன்னு ஒரு சபைக்கு ஒத்துக்கிட்டார். முதல் டூமா 72 நாள்தான் நடந்துச்சு. அதுல குடியானவங்க கேட்டது நிலம், அதான் கலைச்சிட்டாங்க. ரெண்டாவதையும் கலைச்சு, பண்ணையாருங்களுக்குச் சாதகமா தேர்தல் சட்டத்தையே மாத்தினாங்க. 1912ல சைபீரியாவுல லேனா தங்கச் சுரங்கம். கெட்டுப்போன இறைச்சியைக் கொடுத்ததுல ஆரம்பிச்ச வேலைநிறுத்தம் அது. அங்கயும் சுட்டாங்க, நூத்துக்கணக்குல விழுந்தாங்க. உள்துறை மந்திரி டூமாவுலயே எழுந்து, "இப்படித்தான் இருந்தது, இனியும் இப்படித்தான் இருக்கும்"னு சொன்னார்.

அப்புறம் முதல் உலகப் போர். சுமார் ஒன்றரைக் கோடிப் பேரைப் படையில சேர்த்தாங்க, பெரும்பாலும் குடியானவங்க. ஆரம்பத்துல பல பேருக்குத் துப்பாக்கியே இல்ல. 1915ல தன்னோட ஒன்னுவிட்ட சித்தப்பா நிக்கோலாய் நிக்கோலாயவிச்சைத் தளபதி பதவியில இருந்து எடுத்துட்டு, ஜாரே அந்த இடத்துல போய் உக்காந்தார். அதுலதான் மாட்டிக்கிட்டார். அதுவரைக்கும் அதிகாரி தப்பு, தளபதி தப்புன்னு சொல்ல முடிஞ்சுது. இனிமே தோத்தா யாரைச் சொல்றது?

1917 பிப்ரவரியில நாட்டுல தானியம் இருந்துச்சு. ரயில் போக்குவரத்து சீர்குலைஞ்சு, தலைநகரத்துக்கு வந்து சேரல. விடியக்காலை இருட்டுல, குளிர்ல, பொம்பளைங்க ரொட்டிக் கடை வாசல்ல மணிக்கணக்கா நின்னாங்க. அந்தப் பழைய நாள்காட்டிப்படி பிப்ரவரி 23, நம்ம கணக்குல மார்ச் 8, பெண்கள் தினம். நூல் மில்லு, துணி மில்லுப் பொம்பளைங்க வெளிய வந்து, பக்கத்து இரும்பாலைக்காரங்களையும் கூப்பிட்டாங்க. 26ஆம் தேதி படை சுட்டுச்சு. அன்னைக்குச் சுட்ட வோலின்ஸ்கி ரெஜிமெண்ட் சிப்பாய்ங்க மறுநாள் காலையில, இனிமே ஜனங்க மேல சுட மாட்டோம்னு நின்னுட்டாங்க. தங்களோட அதிகாரியையே சுட்டுட்டுத் தெருவுக்கு வந்தாங்க. 1905ல இதே நகரத்துல படை கட்டளைக்குக் கீழ்ப்படிஞ்சுது, இப்ப படியல. நீங்க பத்து நாளுக்குள்ளன்னு கேட்டீங்களே, அதுக்குப் பதில் இதுதான்.

நிலைமை கைமீறிப் போகுதுன்னு டூமா தலைவர் ரொட்சியாங்கோ தந்தி அடிச்சார். அந்தத் தடியன் ஏதோ உளறுறான், பதில்கூடப் போட மாட்டேன்னார் ஜார். மார்ச் 2, ப்ஸ்கோவ் ஊர்ல ரயில் பெட்டியில உக்காந்திருக்கார். அவரோட தளபதிங்ககிட்ட இருந்தே தந்தி வருது, முடியைத் துறந்துடுங்கன்னு. 1905ல மனுவோட வந்த ஜனங்களுக்கு இவர் முகம்கூடக் காட்டல. இப்ப வந்த தந்திகள்ல ஒன்னு, அந்த ஒன்னுவிட்ட சித்தப்பா அனுப்பினது. மண்டி போட்டுக் கேக்குறேன், துறந்துடுங்கன்னு எழுதியிருந்தார். அன்னைக்கு ராத்திரியே நிக்கோலஸ் கையெழுத்துப் போட்டார்.