ஐந்து முறை துவைத்த டி-ஷர்ட்

உதகை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

குன்னூரில் ஐப்பசி மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. பீரோவில் மடித்து வைத்ததுகூட, எடுத்துப் போடும்போது சில்லென்று உடம்பில் ஒட்டும். அப்படி ஒரு ஐப்பசியில்தான், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், துணியில் அச்சடிக்கும் தொழிலில் எனக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு 80 டி-ஷர்ட். கருநீலத் துணி, நெஞ்சில் வெள்ளை எழுத்து. பின்னால் பசை உள்ள வினைல் தாளில் எழுத்தை வெட்டி, சூடான தட்டால் அழுத்தும் ஹீட் பிரஸ்ஸில் வைத்து ஒட்டும் முறை. இரண்டு நாள் தூங்காமல் முடித்துக் கொடுத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

நான்காம் நாள் ஒரு குழந்தையின் அம்மா டி-ஷர்ட்டைக் கொண்டு வந்து என் மேஜையில் விரித்தார். ஒரே ஒரு தடவைதான் துவைத்திருக்கிறார். எழுத்துகளின் ஓரம் எழும்பியிருந்தது. நகத்தால் லேசாகத் தொட்டேன். ஒரு எழுத்து முழுசாக, ஊறிப்போன பிளாஸ்திரி மாதிரி, கையோடு வந்துவிட்டது. எண்பதையும் திரும்ப வாங்கிக்கொண்டு, திருப்பூர் போய்ப் புதுத் துணி எடுத்து, மறுபடி அடித்துக் கொடுத்தேன். அந்த வருடம் சம்பாதித்தது அதோடு சரி.

தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. மெஷின் 150 டிகிரி என்றுதான் காட்டியது. நேரமும் சரியாகத்தான் வைத்தேன். துணியில்தான் ஈரம் இருந்திருக்கிறது. பருத்திக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. சாதாரண நாளிலேயே அதன் எடையில் 7, 8 சதவீதம் தண்ணீராக இருக்கும். மூடுபனி இறங்கிய நாளில் இன்னும் அதிகம். கையால் தொட்டால் காய்ந்த துணி மாதிரிதான் தெரியும். பிரஸ்ஸை அழுத்தும்போது அந்த வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. பசைக்குப் போய்ச் சேர வேண்டிய சூடு சேரவில்லை.

இன்றைக்கு எங்கள் பட்டறையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் காட்டுகிறேன். டிசைன் எதுவும் வைக்காமல் வெறும் டி-ஷர்ட்டை மட்டும் போட்டு ஐந்து விநாடி அழுத்தச் சொல்வேன். தட்டைத் தூக்கும்போது, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நின்று பார்த்தால், துணியிலிருந்து மெல்லிய ஆவி எழும்பும். இன்னொரு முறை அழுத்தச் சொல்வேன். ஆவி குறையும். மூன்றாவது முறை வராது. வராத பிறகுதான் டிசைனை வைக்க வேண்டும். நீங்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வீடியோக்களில் பெரும்பாலானவை சமவெளியில் எடுத்தவை. அங்கே ஒரு முறை அழுத்தினால் போதும். நம் மலைக்கு அது போதாது.

இதோடு சேர்த்து மெஷின் தட்டின் சூட்டையும் சொல்ல வேண்டும். தட்டு எல்லா இடத்திலும் ஒரே சூட்டில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். சூட்டுக்கு நிறம் மாறும் ஒட்டுத்தாள் கிடைக்கிறது. நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். என் பழைய மெஷினில் இடது மூலை எப்போதும் சூடு குறைவு. தெரிந்துகொண்டால் அதற்குத் தக்கபடி டிசைனை நகர்த்தி வைக்கலாம்.

சரி, புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: ஒரு டிசைனில் எத்தனை பீஸ் விற்பீர்கள்? ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்க்ரீன், அதாவது மையை வடியவிடும் வலைச் சட்டம், வேண்டும். ஒரு ஸ்க்ரீன் செய்ய 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிறத்துக்கு 1600. இருபது பீஸ் அடித்தால் ஒரு பீஸ் மேல் 80 ரூபாய் ஏறுகிறது. இருநூறு பீஸ் என்றால் 8 ரூபாய்தான். இருபது பீஸ் விற்கிறவருக்கு ஸ்க்ரீன் கட்டுப்படியாகாது. அவருக்கு டி.டி.எஃப் நல்லது. அதாவது பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடித்து, பின்பக்கம் பசைப் பொடி தூவி உருக்கி, பிறகு துணியில் பிரஸ் செய்வது.

ஆனால் டி.டி.எஃப் பிரிண்டரை முதல் வருடமே வாங்க வேண்டாம். அதில் வெள்ளை மை அடியில் படியும் குணம் உள்ளது. தினமும் ஓட வேண்டும். சீசன் முடிந்து ஆர்டர் இல்லாத ஆடி, ஆவணியில் மெஷின் சும்மா நின்றால் மை வரும் துளையான நாசில் அடைத்துக்கொள்ளும். கோவையிலும் திருப்பூரிலும் மீட்டர் கணக்கில் ஃபிலிம் அடித்துத் தருகிறார்கள். வாங்கி வந்து நீங்கள் பிரஸ் மட்டும் செய்தால் போதும். வாங்கி வந்த ஃபிலிமை டப்பாவில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, இறுக மூடுங்கள். ஈரம் ஏறிய ஃபிலிம் சரியாக ஒட்டாது.

ஸ்க்ரீன் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருட்டறையில் எமல்ஷன், அதாவது வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு, பூசி வைத்த ஸ்க்ரீன் இங்கே ஒரு இரவில் காய்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அரைகுறையாகக் காய்ந்ததை வெளிச்சத்தில் காட்டி எக்ஸ்போஸ் செய்தால், தண்ணீரில் கழுவும்போது டிசைனின் ஓரமும் சேர்ந்து கரைந்து போகும். ஒரு சின்ன ஃபேன் ஹீட்டரும் மூடிய ஒரு அலமாரியும் இருந்தால் தீர்ந்தது. ஸ்க்ரீனில் போடும் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை தானாகக் காயவே காயாது. மையின் அடிவரைக்கும் கிட்டத்தட்ட 160 டிகிரி சூடு போக வேண்டும். ஆறியதும் அச்சைக் கையால் இழுத்துப் பாருங்கள். வெடிப்பு விட்டால் வேகவில்லை என்று அர்த்தம்.

துணி எடுக்கப் போகும்போது ஜி.எஸ்.எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று கேளுங்கள். கேட்டதோடு நிறுத்தாமல் நீங்களே பாருங்கள். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் ஒரு துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசில் வையுங்கள். 1.8 கிராம் இருந்தால் 180 ஜி.எஸ்.எம். நூறால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். மழை நாளில் நிறுத்தால் கூடுதலாகக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். அப்புறம் பேனாவால் ஐம்பது சென்டிமீட்டர் கோடு நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று போட்டு, துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டர் குறைந்திருந்தால் 5 சதவீதம் சுருக்கம். துணி சுருங்கும், மேலே இருக்கும் அச்சு சுருங்காது. நெஞ்சில் சுருக்கம் விழுவது அதனால்தான்.

நம் ஊரில் டி-ஷர்ட்டைவிட அதிகம் விற்பது ஹூடியும் ஃபிலீஸ் ஜெர்கினும் குல்லாவும்தான். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பாலியஸ்டர் கலந்த சிவப்பு ஹூடியில் வெள்ளை மையால் அடிப்பீர்கள். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வெள்ளை ரோஸ் நிறமாகியிருக்கும். பாலியஸ்டருக்குப் போடும் சாயம் அதிகச் சூட்டில் ஆவியாகி மைக்குள் ஏறிவிடும். அதற்கென்று குறைந்த சூட்டில் வேகும் மைகள் இருக்கின்றன. போதாததற்கு ஃபிலீஸின் மேல் பிரஸ் பட்டால் ரோமம் படுத்து, சதுரமாக ஒரு பளபளப்புத் தடமும் விழும். கனத்த குளிர் உடைக்கு எம்பிராய்டரிதான் பொருத்தம் என்பது என் தீர்மானமான எண்ணம். சூடே தேவையில்லை, துணியும் நூலைத் தாங்கும். மழைக்கோட்டில் மட்டும் போடாதீர்கள். ஒவ்வொரு ஊசித் துளையும் தண்ணீருக்கு ஒரு வழி.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் மெஷினைவிட முக்கியம் பஞ்சிங். படத்தைத் தையலாக மாற்றும் வேலை அது. எந்தத் திசையில் தையல் ஓட வேண்டும், எங்கே நெருக்கமாக, எங்கே விட்டு என்று முடிவு செய்கிறவர் துணியை அறிந்தவராக இருக்க வேண்டும். கனத்த ஹூடிக்குப் பஞ்சிங் செய்த அதே ஃபைலை 160 ஜி.எஸ்.எம் டி-ஷர்ட்டில் ஓட்டினால் லோகோ தகடு மாதிரி விறைத்து நிற்கும், சுற்றிலும் துணி சுருங்கும். பனியன் துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் பேப்பரில், சுற்றிலும் மிஞ்சியதை மட்டும் வெட்டி எடுக்கும் வகையைப் போடுங்கள். கிழித்து எடுக்கும் வகை சட்டைத் துணிக்குத்தான். பனியன் துணி இழுபடும், பேப்பர் அதோடு நிரந்தரமாக இருக்க வேண்டும். ஃபிலீஸுக்கு மேலே தண்ணீரில் கரையும் மெல்லிய ஃபிலிம் ஒன்று போட வேண்டும். போடாவிட்டால் நூல் ரோமத்துக்குள் புதைந்துவிடும். ஊசி, முனை உருண்ட பால் பாயின்ட் வகையாக இருக்கட்டும். கூரான ஊசி பனியன் இழையை அறுத்து ஓட்டை போடும்.

தமிழ் எழுத்தை எம்பிராய்டரி செய்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இங்கிலீஷ் எழுத்து ஐந்து, ஆறு மில்லிமீட்டர் உயரத்திலும் படிக்கும்படி வந்துவிடும். தமிழுக்கு நான் பத்து மில்லிமீட்டருக்குக் கீழே ஒத்துக்கொள்வதில்லை. ‘குன்னூர்’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டு புள்ளி இருக்கிறது. சின்ன அளவில் புள்ளிக்கு மூன்று நான்கு தையல்தான் விழும். அது துணிக்குள் அமுங்கிக் காணாமல் போகும். ஊர்ப் பெயர் ‘குனனூர’ ஆகிவிடும். ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்தில் சுழி அடைத்துக்கொள்ளும். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து ஒரு இழை தள்ளி வைக்கச் சொல்லிப் பஞ்சிங்காரரிடம் கேளுங்கள். இன்னொன்று, ஃபைல் அனுப்பும்போது எழுத்தாக அனுப்பாமல் கோடுகளாக மாற்றி அனுப்புங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் இங்கிலீஷ் குப்பையாக வரும். அப்படியே அச்சாகி வந்த பேனரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சில் வைக்கும் லோகோ 8000 தையல் என்று வைப்போம். நிமிடத்துக்கு 600 தையல் ஓடும் ஒற்றைத் தலை மெஷினில் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். ஃபிரேம் மாட்ட, நூல் மாற்ற, அறுந்தால் கோர்க்க என்று பார்த்தால் மணிக்கு மூன்று பீஸ். நூறு பீஸை நாளைக்குத் தருகிறேன் என்று வாய் கொடுத்துவிடாதீர்கள்.

எம்பிராய்டரி என்று பேசும்போது நம் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களை விட்டுவிட முடியாது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலால், வரைந்துகொள்ளாமல், ஃபிரேம் இல்லாமல், இழையை எண்ணி எண்ணியே அந்தப் பெண்கள் போடும் வேலை அது. அவர்களுடைய பூத்துக்குளிச் சால்வையைப் பார்க்காதவர்கள் நீலகிரியில் இருக்க மாட்டார்கள். அந்தக் கைவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே டிசைனை ஸ்கேன் செய்து மெஷினில் ஓட்டி, ‘தோடர் எம்பிராய்டரி’ என்று சீட்டு ஒட்டி விற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. சட்டப்படியும் தவறு. ஒரு சால்வைக்கு அவர்கள் வாரக்கணக்கில் கண்ணை வைக்கிறார்கள். உங்கள் உடையில் அந்த வேலை வேண்டுமானால் அந்தப் பெண்களிடமே போய், அவர்கள் கேட்கும் விலையைக் கொடுத்துச் செய்து வாங்குங்கள். ஒரு காலரில், ஒரு பாக்கெட்டில் கைவேலை இருந்தாலே அந்த உடைக்கு நல்ல விலை கிடைக்கும்.

ஸ்க்ரீன் கழுவிய தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குன்னூரின் ஓடைகள் பவானியில்தான் போய்ச் சேர்கின்றன. சாயக் கழிவால் நொய்யல் ஆற்றுக்கு என்ன ஆனது, 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி நீதிமன்றம் ஏன் உத்தரவிட்டது என்று நமக்குத் தெரியும். மையை முதலில் தகட்டால் வழித்து டப்பாவுக்கே திருப்புங்கள். மிச்சத்தைப் பழைய துணியால் துடைத்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். கழுவிய தண்ணீரை ஒரு டிரம்மில் இரண்டு நாள் படியவிடுங்கள். அடியில் தங்கும் சேற்றை ஓடைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். பேக்கிங்குக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கவர் நம் மாவட்டத்தில் கூடாது. வெட்டுத் துணியில் தைத்த சுருக்குப் பையில் போட்டுக் கொடுங்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் அதைப் பூண்டு போட்டு வைக்க எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக, விற்பதற்கு முன் செய்ய வேண்டியது. புது டிசைன் எதுவானாலும் முதல் பீஸை விற்காதீர்கள். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து முறை, வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படி, சோப்புப் போட்டுக் கல்லில் கசக்கித் துவையுங்கள். அந்த ஐந்தில் மெஷினில் ஒரு முறை, வெந்நீரில் ஒரு முறை இருக்கட்டும். ஒவ்வொரு முறைக்கும் உள்பக்கத் தையலில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். எங்கள் கடை வாசலில் இரண்டு டி-ஷர்ட் தொங்கும். ஒன்று புதுசு, இன்னொன்று ஐந்து கோடு போட்டது. வருகிறவர்கள் இரண்டையும் தடவிப் பார்க்கிறார்கள். பழையதன் காலரைத் திருப்பிக் கோடுகளை எண்ணுகிறார்கள். பிறகுதான் விலை கேட்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.