ஆயுள் தண்டனையை அரசு மறுஆய்வு செய்வது கருணையா, கடமையா? – ‘கடமையே’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையிருந்த பேரறிவாளனைப் பற்றி நான் பேசப்போகிறேன் என்று தெரிந்துகொண்டோ என்னவோ, மறுஆய்வு என்பது அரசு காட்டும் கருணைதான் என்று வாதாடிய எதிரணித் தலைவர், போகிற போக்கில் ஒரு கேலியையும் வீசிவிட்டு அமர்ந்தார்: “பேட்டரி வாங்கியது ரேடியோவுக்குத்தான் என்று நம்ப நாங்கள் என்ன பால்வாடிக் குழந்தைகளா?” நீங்கள் கைதட்டினீர்கள், நானும் சிரித்தேன்.

ஐயா, எங்களை நம்ப வேண்டாம், பேரறிவாளனையும் நம்ப வேண்டாம். அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜனையாவது நம்புவீர்களா? 1991 ஜூனில் கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. ராஜீவைக் கொன்ற வெடிகுண்டில் பயன்பட்டவை என்று வழக்கில் சொல்லப்பட்ட இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கி, கொலைச் சதியை முன்னின்று நடத்திய சிவராசனிடம் கொடுத்தேன் என்று, தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பதிவான வாக்குமூலமே அவரைத் தூக்குமர நிழல் வரை கொண்டுபோனது. அதைப் பதிவு செய்த அதே அதிகாரி, ஓய்வுபெற்ற பின் 2013இல், அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். 2017இல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் அதைத் தாக்கல் செய்தார்.

பின்வரிசைக்காக மறுபடியும் சொல்கிறேன்: வாங்கினேன் என்றது ஏட்டில் ஏறியது, எதற்கென்று தெரியாது என்றது ஏறவில்லை. சற்றுமுன் தேநீர் வேளையில் எதிரணித் தலைவர் என்னிடம், “நடுவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்” என்றார். முதல் மூன்று சொற்களை மட்டும் நான் எழுதி நடுவரிடம் நீட்டியிருந்தால், இன்றைய தீர்ப்பு என்னவாகியிருக்கும்? பாருங்கள், இப்போதே அவருக்கு வியர்க்கிறது!

1999இல் உச்ச நீதிமன்றம், இவ்வழக்குக்குத் தடா பொருந்தாது, ஆனால் தடாவில் பெற்ற வாக்குமூலம் செல்லும் என்று கூறித் தூக்கை உறுதி செய்தது. கருணை மனு 11 ஆண்டுகள் கிடப்பில் கிடந்ததால் 2014இல் அந்தத் தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. தண்டனையைக் குறைக்க ஆளுநருக்கு அதிகாரம் தரும் அரசமைப்பின் 161ஆவது பிரிவின்கீழ் விடுதலை செய்ய 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தும், ஆளுநர் இரண்டாண்டுக்கும் மேலாக முடிவெடுக்காமல் கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று கூறி, 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே விடுவித்தது. குற்றமற்றவர் என்று அது அறிவிக்கவில்லை, உண்மைதான். ஸ்ரீபெரும்புதூரில் மடிந்தவர்களின் குடும்பங்களை மறந்தும் நான் பேசவில்லை. ஆனால் விடுபட்ட வாக்கியம் வெளிவந்த பிறகும் கோப்பைத் திறக்காத அரசு, யாருக்காக இருக்கிறது?

விசாரித்துவிட்டுக் காலையில் அனுப்பிவிடுகிறோம் என்ற அதிகாரிகளின் சொல்லை நம்பி மகனை ஒப்படைத்ததாகப் பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலை விடிய ஏறத்தாழ 31 ஆண்டுகள் ஆயின. அமைச்சரவை பரிந்துரைத்த பிறகும் மூன்றரை ஆண்டுகள் அவர் காத்திருந்தார். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து, “அம்மா, அரசு உங்களுக்குக் கருணை காட்டியது” என்று சொல்ல எதிரணித் தலைவருக்கு மனம் வருமா? வரும் என்றால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அவர் பக்கமே வழங்கிவிடுங்கள்.