பத்து வார்த்தை, பத்துத் தடவை

நேயர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் முதல் பகுதி முழுக்க ஒரு மதிப்பெண் கேள்விகள். அதில் ஒத்த பொருள் தரும் சொல் மூன்று, எதிர்ச்சொல் மூன்று. இந்த ஆறு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகள் கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு பட்டியல் பட்டியலாக உருப்போடுகிறார்கள். 'ரிலக்டன்ட் என்றால் அன்வில்லிங்', அதாவது மனசில்லாமல் தயங்குவது, என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான் பையன். "சரிப்பா, நீ எதுக்கு ரிலக்டன்ட்டா இருப்பே?" என்று கேட்டால் முழிக்கிறான். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவன் என்பதால் இந்த முழியை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

பட்டியலுக்கு அடுத்தது இம்போசிஷன். பத்து வார்த்தை, ஒவ்வொன்றும் பத்துத் தடவை. பிள்ளைகள் அதை எப்படி எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் மேலிருந்து கீழாகப் பத்து 'ஆர்'. அப்புறம் அதை ஒட்டிப் பத்து 'இ'. அப்புறம் பத்து 'எல்'. கை வலிக்காமல் சீக்கிரம் முடிக்க அவர்களாகக் கண்டுபிடித்த வழி. பக்கம் நிறைந்துவிடும், ஆசிரியரும் டிக் போட்டுவிடுவார். அந்தச் சொல்லை முழுசாக ஒரு தடவைகூடப் பிள்ளை எழுதியிருக்காது.

ஒரே மூச்சில் படித்தது நிற்காது என்பது புதுச் செய்தி இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் எபிங்ஹாஸ், அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்குப் பார்த்து 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரே நாளில் படிக்காமல் சில நாட்களுக்குப் பிரித்துத் திரும்பப் படித்தால் குறைந்த உழைப்பில் நிற்கிறது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.

அதனால் என் வகுப்பில் வாரத்துக்கு ஆறேழு சொற்கள்தான். ஆனால் அவை திரும்பத் திரும்ப வரும். வருகைப்பதிவு எடுக்கும்போது 'பிரசன்ட் சார்' கிடையாது, அந்த வாரத்துச் சொல் ஒன்றை வைத்து ஒரு வாக்கியம். "ஐ ஆம் ரிலக்டன்ட் டு பாத் இன் மார்கழி சார்" என்று ஒருவன் சொன்னான். இலக்கணம் கொஞ்சம் நொண்டுகிறது, போகட்டும். அந்தச் சொல் இனி அவனுடையது.

எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது? பறக்கப் பயப்படும் கடற்பறவைக் குஞ்சின் கதை பத்தாம் வகுப்பில் வருகிறது. அதில் 'ஹெர்ரிங்' என்று ஒரு மீன். கதை புரிய, அது ஏதோ மீன் என்று தெரிந்தால் போதும். ஆனால் 'லெட்ஜ்', அதாவது பாறையில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு, தெரியாமல் கதையே நகராது. அதற்குப் பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் புறா உட்கார்ந்திருக்கும், அதைக் காட்டினால் முடிந்தது.

மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் அன்றைய வங்காளத்தில், டாக்காவில், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அங்கிருந்த பிள்ளைகளுக்காக வாசிப்புப் புத்தகங்கள் தயாரித்தபோது, புதுச் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து, நுழைத்ததை மறுபடி மறுபடி வர வைத்தார். அடிக்கடி புழங்கும் சுமார் 2,000 சொற்களைக் கொண்ட அவருடைய பட்டியல் 1953-இல் வெளியானது. 'ஆல்தோ', 'எனஃப்', 'பாரோ' போன்ற சாதாரணச் சொற்களைச் சரியாகப் பிடிக்காத பிள்ளைக்கு அரிய சொற்களைத் திணிப்பதில் என்ன பிரயோஜனம் என்று எனக்குப் புரிவதில்லை.

இன்னொரு விஷயம். நம் பிள்ளைகள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. ரீசார்ஜ், பேலன்ஸ், லேட், சான்ஸ் எல்லாம் வீட்டிலேயே புழங்குகிற சொற்கள். 'கரண்ட் போயிடுச்சு' என்று சொல்லாத பிள்ளை உண்டா? ஆற்றின் 'கரண்ட்' பாடத்தில் வரும்போது அங்கிருந்தே ஆரம்பிப்பேன். கம்பியில் ஓடுவதும் ஆற்றில் ஓடுவதும் ஒன்றுதான் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசவே கூடாது என்று சில பள்ளிகளில் அபராதம்கூட வாங்குகிறார்கள். பத்து நிமிடம் ஆங்கிலத்தில் சுற்றி வளைத்தும் புரியாததை, ஒரு தமிழ்ச் சொல் ஒரு நொடியில் புரிய வைக்குமானால் அதைச் சொல்வதில் என்ன குற்றம்? மிச்ச நேரத்தில் பிள்ளையை ஆங்கிலத்தில் பேச வைக்கலாமே.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "இன்னைக்கு எத்தனை வார்த்தை படிச்சே?" என்று கேட்க வேண்டாம். ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லி, அதை வைத்து நம் வீட்டைப் பற்றியோ தெருவைப் பற்றியோ ஒரு வாக்கியம் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, பிள்ளை உங்களுக்குத் தமிழில் விளக்கியாக வேண்டும். போன வாரத்துச் சொல்லையும் இடையில் ஒரு தடவை கேட்டு வையுங்கள்.

நன்றி, வணக்கம்.