இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் ஓர் இரவு

[காட்சி: மட்டக்களப்பு வெபர் மைதானம், மாலை. உதைபந்தாட்ட வீரர்கள் வெளியேறுகிறார்கள்.]

குரல்: ஆட்டம் முடிந்துவிட்டது. நாளை காலை இதே அணிக்கு அடுத்த ஆட்டம். களைத்த உடலை அதற்குள் எப்படித் தேற்றுவது?

முதலில் தண்ணீர். வாவியும் கடலும் சூழ்ந்த இந்த ஊரின் ஈரக் காற்றில் வியர்வை எளிதில் உலராது. உடல் மேலும் மேலும் வியர்க்கும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லீற்றர் வரை, சில மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் மிகுந்திருப்பது பொட்டாசியம். வியர்வையில் அதிகம் போவது சோடியம். ஆகவே உப்பிட்ட கஞ்சியும் வேண்டும்.

[காட்சி: சோறு, மீன் குழம்பு, தயிர்ச் சட்டி.]

தசைகளில் தீர்ந்துபோன கிளைக்கோஜன், அதாவது தசை சேமித்து வைக்கும் மாப்பொருள், முழுதாக நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். நமக்கோ ஓர் இரவுதான். அதனால் முதல் 4 மணி நேரமும், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 1 கிராம் மாப்பொருள் தேவை. 60 கிலோ வீரருக்கு அது மணிக்குச் சுமார் 200 கிராம் சோறு. வாழைப்பழமும் பாணும் கணக்கில் சேரும். கல்முனைக்குத் திரும்பும் அணி பஸ்ஸிலேயே தொடங்கிவிடலாம். புரதத்துக்கு 100 கிராம் மீன் போதும், அதில் ஏறக்குறைய 20 கிராம் கிடைக்கும். இங்கே எருமைத் தயிரும் முட்டையும் இருக்கும்போது, விலை உயர்ந்த புரத மாவுக்காகப் பெற்றோர் கடன்படத் தேவையே இல்லை.

உடல் வலிக்கு, ஓடும்போது தசையில் சேரும் லக்டிக் அமிலம் காரணம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்த அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் நீங்கிவிடும். திடீரென நிற்கும்போதும் பாய்ந்து தரையிறங்கும்போதும் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவுதான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிக்கிறது.

ஐஸ் குளியல் இந்த வலியைக் குறைக்கும்: 10 முதல் 15 பாகை செல்சியஸ் நீரில் 10 முதல் 15 நிமிடங்கள். கல்லடிக் கடல் சுகமானது, ஆனால் அந்த அளவுக்குக் குளிர்ந்ததல்ல. தசையை வளர்க்கும் பயிற்சிக் காலத்தில் ஐஸ் குளியலைத் தவிருங்கள். வளர்ச்சியை அது மந்தப்படுத்தும்.

வலி மாத்திரையில் கவனம் தேவை. நீரிழந்த உடலில் இபுப்ரோஃபென் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

[காட்சி: இரவு. படுக்கையில் ஒரு மாணவி.]

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய மருந்து உறக்கம். பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். அதிகாலைப் பயிற்சி, பாடசாலை, இரவு வரை ரியூஷன் என்று ஓடும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? பயிற்றுநர்களே, பெற்றோரே, ஆட்ட நாட்களிலாவது இரவு வகுப்பை விட்டுக்கொடுங்கள். அதிகாலைப் பயிற்சியை மாலைக்கு மாற்றுங்கள். ஆட்டம் பிற்பகலில் என்றால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 அல்லது 30 நிமிடங்கள் தூங்கவிடுங்கள்.