வெளிநாட்டில் திடீரென்று போராட்டம் வெடித்தால் என்ன செய்வது?

[காட்சி: ஏறாவூரில் ஒரு வீட்டு வாசல், இரவு. வெளிநாட்டு வேலைக்குப் போகும் மகளின் பெட்டி, கட்டுநாயக்க விமான நிலையம் போகும் வான் வண்டியில் ஏறுகிறது.]

பெட்டிக்குள் கருவாடு, மிளகாய்த்தூள், சீனிச்சம்பல் எல்லாம் சரி. உம்மா கேட்கிறார்: "அங்க ஏதும் கலவரம் வந்தா என்ன மகள் செய்வாய்?" மகள் சிரிக்கிறார்: "நாங்க பாக்காத கலவரமா உம்மா?"

இந்தப் பதிலைக் கேட்டுத்தான் இந்த வீடியோவைச் செய்கிறோம். ஊரடங்கு, ஹர்த்தால், சுற்றிவளைப்பு எதுவும் மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்குப் புதிதல்ல. ஆனால் அப்போது எந்த ஒழுங்கை எங்கே போய் முடியும், எந்த வீட்டுக் கேற் நமக்குத் திறக்கும், எந்தச் சந்தியில் மறிப்பார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்திருந்தது. பெய்ரூட்டில் அது தெரியாது. டோஹாவிலும் தெரியாது.

[காட்சி: போன் திரை. வட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புவது.]

வீட்டு வேலைக்குப் போகிற பலருக்குத் தாங்கள் இருக்கும் வீட்டின் விலாசமே தெரியாது. "மடத்தின்ட வீடு, பக்கத்துல பள்ளி" என்பார்கள். வளைகுடாவில் எந்தத் தெருவில்தான் பள்ளிவாசல் இல்லை? அதனால் போய் இறங்கிய முதல் நாளே அந்த வீட்டிலிருந்து லொகேஷனை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். மறுகா பார்ப்போம் என்று விட்டால் அது நடக்காது. பாஸ்போர்ட், விசா, இக்காமா (அந்த நாட்டு வதிவிட அட்டை) மூன்றையும் படமெடுத்து அதையும் அனுப்புங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டாலும் படம் ஊரில் இருக்கும். தூதரகத்தின் நம்பரையும் வீட்டு நம்பரையும் பேனையால் தாளில் எழுதி உடுப்போடு வைத்திருங்கள். போன் கைமாறிப் போகலாம், சார்ஜ் தீரலாம்.

[காட்சி: உலக வரைபடம். லெபனான், பிறகு நேபாளம்.]

போராட்டம் சொல்லிவிட்டு வராது. லெபனானில் 2019 ஒக்டோபர் 17 அன்று வட்ஸ்அப் அழைப்புக்கு வரி போடப்போவதாக அறிவித்தார்கள். அன்றிரவே சனம் தெருவில் இறங்கியது. அடுத்த நாட்களில் விமான நிலையம் போகும் வீதியிலும் டயர் எரிந்தது. நேபாளத்தில் 2025 செப்டம்பரில் சமூக ஊடகங்களைத் தடை செய்ததிலிருந்து தொடங்கிய கோபம், 9ஆம் திகதி பிரதமரைப் பதவி விலக வைத்தது. காத்மண்டு விமான நிலையமும் அன்று மூடப்பட்டது. டிக்கெட் கையில் இருந்தாலும், வீதி திறந்திருக்கிறதா, விமானம் பறக்கிறதா என்று கேட்டறியாமல் வீட்டைவிட்டு இறங்க வேண்டாம். பூட்டிய விமான நிலையத்தின் வாசலில் பெட்டியோடு நிற்பதைவிட, இருக்கும் அறையில் இருப்பது மேல். இரண்டு மூன்று நாளுக்குத் தண்ணீர், பிஸ்கட், மருந்து, கொஞ்சம் சில்லறைக் காசு இருந்தால் போதும்.

[காட்சி: கூட்டத்தை நோக்கி நீட்டிய கைபேசிகள்.]

சரி, கூட்டம் கண்ணெதிரே வந்துவிட்டது. முதலில் கை போனுக்குப் போகும், லைவ் போடலாமே என்று. தயவுசெய்து வேண்டாம். 2024 ஜூலையில் பங்களாதேஷில் மாணவர் போராட்டம் நடந்தபோது, அமீரகத்தில் வேலை செய்த பங்களாதேஷ்காரர் சிலர் தங்கள் நாட்டு அரசாங்கத்துக்கு எதிராக அங்கேயே ஊர்வலம் போனார்கள். சிலர் வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அபுதாபி நீதிமன்றம் 57 பேருக்குத் தண்டனை கொடுத்தது. மூவருக்கு ஆயுள், 53 பேருக்குப் பத்து ஆண்டு, ஒருவருக்குப் பதினொரு ஆண்டு. செப்டம்பரில் மன்னிப்புக் கிடைத்து ஊருக்கு அனுப்பினார்கள், ஆனால் வேலை போனது போனதுதான். மட்டக்களப்பு காந்தி பூங்கா முன்னால் பதாகை பிடித்து நின்ற பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். நியாயம் யார் பக்கம் என்பது வேறு கதை.

கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் எதிர்த்துத் தள்ளாமல், கூட்டம் போகும் போக்கிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் ஒதுங்குங்கள். கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்து வைத்திருந்தால் மூச்சுக்கு இடம் கிடைக்கும். கீழே விழுந்த செருப்பை எடுக்கக் குனிய வேண்டாம். செருப்பு போகட்டும்.

[காட்சி: வரைகலை. புகை, காற்று வீசும் திசையைக் காட்டும் அம்புக்குறி.]

கண்ணீர்ப்புகை அடித்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நடங்கள். அந்தப் புகை தாழ்வான இடத்தில்தான் தேங்கும், அதனால் சுரங்கப்பாதை, கார் தரிப்பிடத்தின் அடித்தளம் பக்கம் ஒதுங்கக் கூடாது. கண்ணைக் கசக்காமல் நிறைய நல்ல தண்ணீரால் கழுவுங்கள். புகை பட்ட அபாயாவை, சட்டையைச் சீக்கிரம் கழற்றிப் புறம்பாக வையுங்கள், மற்ற உடுப்போடு சேர்த்து ஊறப்போடக் கூடாது.

[காட்சி: பொலிஸ் வாகனம், தூரத்தில்.]

பொலிஸ் பிடித்தால் ஓடாதீர்கள், கையை வெளியே தெரியும்படி வைத்திருங்கள். "ஸஃபாரத் ஸ்ரீலங்கா" என்று சொல்லுங்கள். அரபியில் இலங்கைத் தூதரகம் என்று அர்த்தம். கைதான வெளிநாட்டுக்காரர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதை நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடவும் கூடாது.

[காட்சி: மீண்டும் ஏறாவூர் வீடு. உம்மாவின் கையில் போன்.]

இனி ஊரில் இருப்பவர்களுக்கு. டாக்காவில் 2024 ஜூலையில் பத்து நாள் அளவுக்கு போன் இன்டர்நெட்டே இல்லை. அப்படியான நேரத்தில் பிள்ளையின் வட்ஸ்அப்பில் ஒற்றை டிக் மட்டும் விழுந்தால் அதை வைத்து ஒப்பாரி வைக்க வேண்டாம், சாதாரண அழைப்பு எடுத்துப் பாருங்கள், எஸ்எம்எஸ் போட்டுப் பாருங்கள். ஒன்றும் சரிவரவில்லை என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுங்கள். எடுத்தவுடன் பாஸ்போர்ட் இலக்கம், வேலை செய்யும் வீட்டு விலாசம், ஏஜென்சியின் பெயர் எல்லாம் கேட்பார்கள். அதையெல்லாம் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

[காட்சி: உம்மா தாளை மடித்து அல்மாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுகிறார். வெளியே வான் ஹோர்ன் அடிக்கிறது.]